ஒற்றைச் சுருதி

எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று சொல்லும் காகிதம் ஒன்று என்னிடம் இருந்தது. ஒன்றரை வருஷ காலம் அதை ஒரு தாமிரப் பட்டயம் போலப் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன்.

எங்கள் பேட்டையில் ஓர் இலவச வைத்திய முகாம் போட்டிருந்தார்கள். கண், பல், ரத்த அழுத்தம் என்று மேஜை மேஜையாகத் தாண்டிக் கடைசியில் காது மேஜைக்கு வந்து சேர்ந்தேன். ஒரு வாலிபர் என் தலையில் ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டதும் விரலை உயர்த்துங்கள், ஐயா" என்றார். 'டக்' என்று கேட்டது, உயர்த்தினேன். மறுபடியும் 'டக்', மறுபடியும் உயர்த்தினேன். ஒரு கேள்வி விடாமல் பரீட்சை எழுதிவிட்ட மாணவனின் பெருமிதத்தோடு எழுந்தேன். "உங்கள் வயசுக்கு அபாரமான காது" என்று சொல்லி, அப்படியே எழுதியும் கொடுத்தார்.

அந்தக் காகிதத்தின் பலனை அனுபவித்தவள் என் மனைவி. "சாவி எங்கே?" என்று அவள் கேட்பாள். "காபிதான் அப்போதே குடித்தாயிற்றே!" என்பேன். அவள் சிரிப்பாள். நாளடைவில் சிரிப்பு நின்றது. "நீ வாய்க்குள்ளேயே பேசிக்கொள்கிறாய். என் காதில் குற்றமில்லை, எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்" என்று நான் காகிதத்தை நினைவூட்டுவேன். அவள் ஒன்றை இரண்டாம் தடவை சொல்வதை நிறுத்தினாள். பிறகு, முதல் தடவை சொல்வதையும் குறைத்துக்கொண்டாள். வீட்டில் அமைதி நிலவியது. எழுதுவதற்கு எவ்வளவு வசதி என்று நான் சந்தோஷப்பட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வேறு ஏதோ காரணமாக ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது உண்மை வெளிப்பட்டது. சத்தம் புகாத சின்ன அறைக்குள் என்னை உட்கார வைத்தார்கள். கண்ணாடிக்கு அப்பால் ஓர் அம்மாள் கருவியின் முன் அமர்ந்திருந்தாள். முதலில் தொலைவில் யாரோ புல்லாங்குழல் ஊதுவதுபோல் மெல்லிய ஒலி வந்தது, விரலை உயர்த்தினேன். இன்னும் கொஞ்சம் உயர்ந்த ஒலி, உயர்த்தினேன். அதன் பிறகு அந்த அம்மாள் பொத்தானை அழுத்துவது எனக்குக் கண்ணால் தெரிந்தது. காதுக்கு எதுவும் எட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் ஒரு கோட்டுப் படம் காட்டினார்கள். ஓட்டு வீட்டுக் கூரைபோல அது வலப்பக்கம் சரிந்து இறங்கியது. தாழ்ந்த சுருதியெல்லாம் கேட்கிறது. உயர்ந்த சுருதி போய்விட்டது. ச, த, க போன்ற மெய்யெழுத்துக்களைப் பிரித்துக் காட்டும் நுண்ணொலி அந்த உயர்ந்த பகுதியில்தான் இருக்கிறதாம். சாவி காபியானதன் ரகசியம் அது.

"முகாமில் நன்றாகக் கேட்டதே, அது எப்படியடா?" என்று என் தங்கையின் பேரனைக் கேட்டேன். அவன் எஞ்சினீயரிங் படிக்கிறவன். முகாமில் என்ன கேட்டது என்று விவரமாக விசாரித்தான். 'டக்' என்று சொல்லிக் காட்டினேன்.

"தாத்தா, நீங்க சுருதியைக் கேக்கல. சுவிட்சைக் கேட்டிருக்கீங்க" என்றான்.

ஒலியைத் திடுமென்று ஆரம்பித்தால் அந்த ஆரம்பமே ஒரு சத்தமாகிவிடும். அந்தச் சத்தத்தில் எல்லாச் சுருதியும் கலந்திருக்கும். காது எதைக் கேட்டது என்பது பிறகு யாருக்கும் தெரியாது. "காதைச் சோதிக்கணும்னா கலப்பே இல்லாத ஒலி வேணும். அதை வேணுங்கிற இடத்துக்கு ஏத்தி இறக்கவும் முடியணும். எங்க காலேஜ்ல எனக்குக் குடுத்திருக்கிற புராஜெக்டே அதுதான்" என்றான். ஸைன் அலையை உண்டாக்கும் ஓர் ஆஸிலேட்டரை அவன் செய்ய வேண்டும். அதன் அதிர்வெண்ணை மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சிறு சில்லு மாற்ற வேண்டும்.

என் வீட்டு அமைதிக்குக் காரணமான இந்தக் கலப்பில்லாத ஒலியின் பூர்வோத்தரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி பிறந்தது. படித்ததை நேயர்களுக்குச் சொல்கிறேன்.

*

தம்புராவின் ஒரு தந்தியை மீட்டினால் ஒரே ஒரு ஸ்வரமா கேட்கிறது? சற்றுக் கூர்ந்து கேட்டால் அந்த ஒரு தந்திக்குள்ளேயே மேல் ஷட்ஜம், பஞ்சமம், அந்தர காந்தாரம் எல்லாம் பேசுவது தெரியும். தம்புராவின் அழகே அந்தக் கலப்புத்தான். மனிதக் குரலும் அப்படி, நாகஸ்வரமும் அப்படி. இயற்கையில் கலப்பில்லாத ஒலி கிடைப்பது அபூர்வம்.

பிரான்ஸ் தேசத்து ஃபூரியே, உஷ்ணம் பரவுவதைப் பற்றி 1822ல் வெளியிட்ட நூலில், எப்பேர்ப்பட்ட சிக்கலான அலையையும் எளிய அலைகளின் கூட்டாகப் பிரித்துவிடலாம் என்று காட்டினார். அந்த எளிய அலைக்குத்தான் ஸைன் அலை என்று பெயர். அதன் வடிவம் தெரிய வேண்டுமானால், ஆடும் ஊஞ்சல் பலகையின் அடியில் ஒரு பென்சிலைக் கட்டித் தரையில் ஒரு நீளக் காகிதத்தைக் குறுக்கே சீராக இழுத்துப் பாருங்கள். மூலை முடுக்கில்லாமல் ஏறி இறங்கும் ஒரு வளைவு விழும். அதுவேதான்.

கலப்பு ஒலியைக் கொண்டு காதைச் சோதிப்பது, சாம்பாரைக் கொடுத்து, "உப்புத் தெரிகிறதா?" என்று கேட்பது போன்றது. "தெரிகிறது" என்று சொல்பவன் நாக்கில் பட்டது புளியாக இருக்கலாம்.

கலப்புக் குறைந்த ஒலிக்கு முதலில் கிடைத்த கருவி, பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் ரப்பர் கட்டையில் தட்டிக் காதருகே வைத்துப் பார்த்த இசைக்கவைதான். அதை 1711ல் செய்தவர் ஜான் ஷோர் என்னும் லண்டன் எக்காள வித்வான். ஆனால் இசைக்கவைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு கவைக்கு ஒரே சுருதி. ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. வேறு சுருதி வேண்டுமென்றால் வேறு கவைதான் செய்ய வேண்டும். ஜெர்மனியில் ஷைப்ளர் என்ற பட்டு வியாபாரி 1834ல் ஐம்பதுக்கும் மேற்பட்ட கவைகளை வரிசைப்படுத்தி ஒரு சுருதிமானி அமைத்தார். பாரிஸில் கடை வைத்திருந்த கோனிக் என்பவர் இதன் எல்லையையே பார்த்துவிட்டார். 1876ல் பிலடெல்பியா நகரப் பொருட்காட்சியில் அவர் வைத்த கருவியில் அறுநூறுக்கும் மேற்பட்ட இசைக்கவைகள் இருந்தன! அத்தனை இருந்தும் இரண்டு கவைகளுக்கு நடுவே ஒரு சுருதி வேண்டும் என்று யாராவது கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான்.

காது வைத்தியர்கள் இத்தனை கவைகளுக்கு எங்கே போவார்கள்? ஓரிரு கவைகளைத் தட்டிப் பார்ப்பார்கள். கைக்கடிகாரத்தைக் காதருகே கொண்டுபோவார்கள். முதுகுப் பக்கம் நின்றுகொண்டு ரகசியம் பேசிப் பார்ப்பார்கள். வைத்தியர் அன்றைக்கு எவ்வளவு உரக்க ரகசியம் பேசினாரோ, நோயாளியின் காது அன்றைக்கு அவ்வளவு நல்ல காது.

*

மின்சாரத்தைப் பாட வைத்த பெருமையில் ஒரு பங்கு வில்லியம் டட்டெல் என்ற ஆங்கிலேயருக்குச் சேரும். பழைய சினிமாக் கொட்டகைகளில் கார்பன் குச்சிகளுக்கிடையே தீப்பொறி பாய்ச்சி, அந்த வெளிச்சத்தில் படம் காட்டுவார்கள் அல்லவா? லண்டன் தெருக்களில் எரிந்த ஆர்க் விளக்குகளும் அந்த ஜாதிதான். அவை ரீங்காரம் செய்து தொல்லை கொடுத்தன. அதை ஆராயப் புகுந்த டட்டெல், ஆர்க்கின் குறுக்கே ஒரு கம்பிச் சுருளையும் ஒரு கண்டென்ஸரையும் இணைத்தால் அது தெளிவான சுருதியில் பாடுகிறது என்று கண்டுகொண்டார். 1900ல் லண்டன் எஞ்சினீயர்கள் சபையில் விளக்கை வைத்துக்கொண்டே ஒரு மெட்டு வாசித்துக் காட்டினார். சபை ரசித்தது. அதற்கு மேல் அந்தப் பாடும் விளக்கினால் காது வைத்தியத்துக்கு லாபமில்லை.

1906ல் லீ டி ஃபாரஸ்ட் என்ற அமெரிக்கர் மூன்று முனை வால்வைச் செய்தார். சிறிய மின்சார அசைவைப் பெரிய அசைவாக அது பெருக்கிக் கொடுக்கும். ஆம்ஸ்ட்ராங் என்ற கொலம்பியாச் சர்வகலாசாலை மாணவர் 1912ல் ஒரு காரியம் செய்தார். வால்விலிருந்து பெரிதாகி வெளியே வந்ததில் ஒரு பங்கைத் திருப்பி வால்வுக்குள்ளேயே விட்டார். வால்வு தானாகவே அதிர ஆரம்பித்துவிட்டது. கல்யாண மண்டபத்தில் மைக்கை ஒலிபெருக்கிக்கு எதிரே கொண்டுபோனால் 'கூ' என்று ஊளையிட்டு எல்லோரையும் காதைப் பொத்த வைக்குமே, அதே தத்துவந்தான். இந்த யோசனை யாருடையது என்று டி ஃபாரஸ்டுக்கும் ஆம்ஸ்ட்ராங்குக்கும் வழக்கு மூண்டு, 1934ல் அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் டி ஃபாரஸ்ட் பக்கம் தீர்ப்புச் சொல்லும் வரை நடந்தது. அது தனி நாவல்.

வால்வை நம்பி 1922ஐ ஒட்டி நியூயார்க்கில் பௌலர் என்ற காது வைத்தியரும் வெஜல் என்ற விஞ்ஞானியும் சேர்ந்து காதை அளக்கும் மின்சாரக் கருவி ஒன்றை அமைத்தார்கள். என் மடியில் வந்து விழுந்த கோட்டுப் படத்தின் பூர்விகம் அதுதான்.

ஆனாலும் ஒரு தொல்லை தீரவில்லை. சுருதியை ஏற்றி இறக்குவது எப்படி? கம்பிச் சுருளும் கண்டென்ஸரும் சேர்ந்து சுருதியை நிர்ணயிக்கும் ஏற்பாட்டில், தாழ்ந்த ஒலி வேண்டுமென்றால் இரும்பு வைத்த பெரிய சுருள்கள் தேவை. அப்படியும் கண்டென்ஸரைப் பத்து மடங்கு திருப்பினால் சுருதி மூன்று மடங்குதான் நகரும். கணக்கில் வர்க்கமூலம் குறுக்கே நிற்கிறது. இதைத் தாண்ட ஒரு சுற்றுவழி வைத்திருந்தார்கள். காதுக்கு எட்டாத இரண்டு பெரிய அதிர்வுகளை உண்டாக்கி, அவற்றின் வித்தியாசத்தை எடுத்துக்கொள்வார்கள். ஒன்று வினாடிக்கு 2,00,000, மற்றொன்று 2,01,000. வித்தியாசம் 1,000. யுக்தி நல்ல யுக்திதான். ஆனால் இரண்டில் ஒன்று, உஷ்ணத்தினாலோ வயதினாலோ, ஆயிரத்தில் ஒரு பங்கு நழுவினால் போதும். 1,000 என்று நினைத்தது 800 ஆகவோ 1,200 ஆகவோ மாறியிருக்கும். இரண்டு கோடீசுவரர்களின் சொத்து வித்தியாசத்தை நம்பிக் குடித்தனம் நடத்துவது போல! அப்படிப்பட்ட கருவி 1930களில் அமெரிக்காவில் சுமார் 400 டாலர் விலை.

*

இனி ஒரு படகு வருகிறது.

1927 ஆகஸ்ட் 2ந் தேதி காலை, நியூயார்க்கை அடுத்த ஹட்ஸன் நதியில் படகேறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார் ஹரால்ட் பிளாக் என்ற பெல் ஆய்வுக்கூடத்து எஞ்சினீயர். டெலிபோன் பெருக்கிகள் குரலைப் பெருக்கும்போதே கெடுத்தும் விடுகின்றனவே என்பது அவருடைய கவலை. படகில் அவருக்கு ஒரு யோசனை மின்னியது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் தாளின் மேலேயே படம் போட்டார். வெளியே வந்ததில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே விடுவது பழைய சங்கதி. இவர் அதைத் தலைகீழாக, எதிர்த்துத் தள்ளும்படி விட்டார். பெருக்கம் குறையும், குறைந்தது பெரும்பாலும் குற்றங்கள்தான். பெருக்கியின் சக்தியில் பெரும் பகுதியை வேண்டுமென்றே வீணாக்குவதாவது! காப்புரிமை ஆபீஸ் இதை நம்பவே பல வருஷங்கள் எடுத்துக்கொண்டது. 1928ல் போட்ட மனுவுக்கு 1937ன் கடைசியில்தான் பட்டயம் கிடைத்தது.

இந்த எதிர்த் தள்ளல் தத்துவத்தைக் கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டுச் சர்வகலாசாலையில் டெர்மன் என்னும் பேராசிரியர் தம் மாணவர்களுக்குப் போதித்தார். அவர்களில் ஒருவர் வில்லியம் ஹியூலெட். இவருக்கு எழுத்துக்களைப் படிப்பதில் பிறவியிலேயே ஒரு சிரமம். மற்ற மாணவர்கள் எழுதிக்கொள்வதை இவர் காதால் வாங்கி மனத்தில் நிறுத்திக்கொள்வார். இப்படிக் காதை நம்பிப் படித்தவர்தான் பிறகு காதை அளக்கும் ஒலிக்கு ஒரு நல்ல வழி கண்டார் என்பதைப் படித்தபோது, நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன்.

ஹியூலெட் கம்பிச் சுருளையே ஒதுக்கினார். 1891ல் ஜெர்மானியப் பௌதிக நிபுணர் மாக்ஸ் வீன் அமைத்த பழைய ஏற்பாடு ஒன்று இருந்தது. இரண்டு மின்தடை, இரண்டு கண்டென்ஸர், அவ்வளவுதான் அதில் சாமான். அதன் வழியே எந்த அதிர்வை அனுப்பினாலும் சற்று முந்தியோ பிந்தியோதான் வெளியே வரும். ஒரே ஒரு அதிர்வு மட்டும் முந்தாமல் பிந்தாமல் வரும். ஆனால் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி வரும். கண்டென்ஸர்களைப் பத்து மடங்கு திருப்பினால் அந்த அதிர்வும் பத்து மடங்கு நகரும். வர்க்கமூலத்தின் உபத்திரவம் இல்லை. ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றுவது போல ஒரே குமிழைத் திருப்பினால் போதும்.

இப்போது கணக்கைக் கவனியுங்கள். மூன்றில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. ஆகவே மூன்று மடங்கு பெருக்க வேண்டும். சரியாக மூன்று. 2.99 என்றால், யாரும் தள்ளிவிடாத ஊஞ்சல்போல ஒலி தேய்ந்து தேய்ந்து நின்றுவிடும். 3.01 என்றால், ஆட்டத்துக்கு ஆட்டம் பெருகி, வால்வின் எல்லையில் போய் முட்டிக்கொள்ளும். அலையின் தலை சப்பையாகும். சப்பையான அலை கலப்பு அலை. கலியாண மண்டபத்து மைக் ஊளைக்கு அதுதான் காரணம். ஒலியைப் பிறப்பிப்பது இந்த விஷயத்தில் கஷ்டமே இல்லை. பிறந்தது சாகாமலும் வெறி பிடிக்காமலும் இருக்கும்படி, குமிழ் எந்த இடத்தில் நின்றாலும், அந்த மூன்றைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம்.

ஹியூலெட் அங்கே ஒரு சின்ன பல்பைப் போட்டார்!

வெளிச்சத்துக்காகப் போடவில்லை. பல்பின் டங்ஸ்டன் இழைக்கு ஒரு குணம்: சூடானால் அதன் மின்தடை ஏறும். எதிர்த் தள்ளலின் அளவை இந்த இழையின் தடை நிர்ணயிக்கும்படி வைத்துவிட்டார். ஒலி சற்றுப் பெருகினால் இழை சற்றுச் சூடாகும்; தடை ஏறும்; பெருக்கம் குறையும். ஒலி தளர்ந்தால் இழை ஆறும்; தடை இறங்கும்; பெருக்கம் கூடும். குழந்தையை ஊஞ்சலில் வைத்து ஆட்டும் பாட்டி, உயரம் அதிகமானால் கையைத் தளர்த்துவாள். ஆட்டம் ஓய்ந்தால் ஒரு தள்ளுத் தள்ளுவாள். அவள் கணக்குப் போட்டுச் செய்வதில்லை. பல்பும் போடவில்லை. மூன்று மூன்றாகவே நின்றது. இழை சற்று மந்தமான ஆசாமியாக இருப்பதும் ஒரு நன்மை. ஒவ்வோர் அதிர்வுக்கும் துடிக்காமல், பல அதிர்வுகளின் சராசரி உஷ்ணத்துக்குத்தான் அது அசைந்து கொடுக்கும்.

நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. பெல் ஆய்வுக்கூடத்து மீச்சம் என்பவர் 1938லேயே ஓர் ஆஸிலேட்டரில் விளக்கைக் காவல் வைத்து எழுதியிருந்தார். ஆனால் அவருடையது ஒரே சுருதியில் நிற்க வேண்டிய கருவி. குமிழைத் திருப்பத் திருப்ப, அடிமட்டத்திலிருந்து உச்சி வரை கலப்பில்லாமல் ஏறும் ஒலியை, விலை மலிவாக, ஒரு பெட்டிக்குள் அடக்கியது ஹியூலெட்டின் காரியம்.

*

பாலோ ஆல்டோ என்ற ஊரில் அடிசன் அவென்யூ 367ஆம் எண் வீட்டைப் பாக்கார்ட் என்ற நண்பரும் அவர் மனைவி லூசிலும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கொல்லைப்புறக் கொட்டகையில் ஹியூலெட் படுத்துக்கொண்டார். பக்கத்தில் ஒரு கார் ஷெட். கையில் 538 டாலர். முகப்புத் தகட்டுக்குப் பெயிண்ட் அடித்து அதைச் சூட்டில் இறுக்க வேறு வசதியில்லை. லூசில் அம்மாளின் சமையலறை அடுப்பிலேயே வைத்து எடுத்தார்கள். அந்த அம்மாள் என்ன சொன்னாரோ! 1939 ஜனவரி 1ந் தேதி கூட்டு வியாபாரம் பதிவாயிற்று. யார் பெயர் முதலில் வருவது என்று நாணயத்தைச் சுண்டிப் பார்த்தார்கள்.

கருவிக்கு 200ஏ என்று பெயர் வைத்தார்கள். 1 என்று ஆரம்பித்தால் நேற்றுப் பிறந்த கம்பெனி என்று தெரிந்துவிடுமே! விலை 54 டாலர் 40 சென்ட். அது அடக்க விலையைக் கணக்கிட்டு வந்த தொகை அல்ல. அமெரிக்காவின் வட எல்லைத் தகராறில் 54 பாகை 40 கலை என்ற அட்சரேகையைச் சொல்லி எழுப்பிய பழைய கோஷம் ஒன்று நினைவுக்கு வந்ததாம்; அதையே விலையாக வைத்துவிட்டார்கள். அந்த விலைக்குச் செய்து கட்டுப்படியாகவில்லை என்பது பிறகு தெரிந்தது. 400 டாலர் கருவி இருந்த சந்தையில் வந்ததனால், ஏற்றிக்கொள்ள இடம் இருந்தது.

வால்ட் டிஸ்னியின் ஒலிப்பதிவு எஞ்சினீயர் இதைப் பார்த்துவிட்டுத் தமக்குத் தக்கபடி மாற்றித் தரச் சொல்லி, 200பி என்ற எட்டுக் கருவிகளை ஒவ்வொன்றும் 71 டாலர் 50 சென்ட் விலைக்கு வாங்கினார். 1940ல் வெளியான 'ஃபான்டாஸியா' படத்துக்காக அமைத்த ஒலி சாதனங்களைச் சோதிக்க அவை உதவின. சினிமாவில் சங்கீதம் கேட்டவர்களில் ஒருவருக்காவது ஒரு சின்ன பல்பு அதற்குச் சாட்சி சொல்லியது தெரிந்திருக்காது. 1942 ஜனவரியில் ஹியூலெட்டுக்குக் காப்புரிமை கிடைத்தது. அந்தக் கார் ஷெட்டை 1989ல் கலிபோர்னியா மாகாணம் சரித்திரச் சின்னமாக அறிவித்தது. பாக்கார்ட் 1996லும் ஹியூலெட் 2001லும் காலமானார்கள்.

*

என் தங்கை பேரன் முதலில் ஹியூலெட் பாதையிலேதான் போனான். குமிழைத் திருப்பும் கைக்குப் பதிலாக, 256 படிகள் கொண்ட டிஜிட்டல் மின்தடைகள் இரண்டை வைத்து, மைக்ரோகண்ட்ரோலர் அவற்றை ஒரே சமயத்தில் மாற்றும்படி எழுதினான். பல்பும் வைத்தான். படிக்குப் படி மாறும்போதெல்லாம் ஒலி துள்ளித் துள்ளி அடங்கியது. மந்தமான பாட்டிக்கும் அவசரக்காரப் பேரனுக்கும் ஒத்துப்போகவில்லை. இரண்டு படிகளுக்கு நடுவே உள்ள சுருதியும் கிடைக்கவில்லை. கோனிக்கின் கவைக் கதைதான்.

பிறகு வேறு ஒரு சில்லை வாங்கி வந்தான். அதில் பல்பும் இல்லை, ஊஞ்சலும் இல்லை. "இது ஆடுறதே இல்ல தாத்தா. அட்டவணையைப் பாத்து வாசிக்குது" என்றான்.

1971ல் அமெரிக்காவில் டியர்னி, ரேடர், கோல்ட் என்ற மூவர் எழுதிக் காட்டிய முறை அது. மைக்ரோகண்ட்ரோலர் என்ற ஜாதி டெக்ஸாஸில் உருவானதும் அதே வருஷந்தான். ஒரு வட்டத்தை 26,84,35,456 பங்காகப் பிரித்துக்கொள்கிறது சில்லு. வினாடிக்கு இரண்டரைக் கோடித் தடவை, வட்டத்தில் குறிப்பிட்ட பங்குகள் முன்னால் நடக்கிறது. நின்ற இடத்துக்கு ஸைன் மதிப்பு என்ன என்று உள்ளே இருக்கும் அட்டவணையைப் பார்த்து, அந்த அளவு மின்சாரத்தை வெளியே விடுகிறது. ஒவ்வொரு தடவையும் 10,737 பங்கு நடந்தால் வினாடிக்கு 1,000 அதிர்வு. 10,738 நடந்தால், சுருதி பத்தில் ஒரு அதிர்வுக்கும் குறைவாக உயரும். மைக்ரோகண்ட்ரோலர் செய்ய வேண்டியது அந்த ஓர் எண்ணை மாற்றுவதுதான். மூன்றைக் காக்கும் கவலையும் இல்லை. அட்டவணையில் இல்லாத உயரத்துக்கு அலை எப்படிப் போகும்? படிப்படியாக வரும் மின்சாரத்தை ஒரு வடிகட்டி மழமழப்பாக்கிவிடுகிறது.

அட்டவணை என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 499ல் ஆர்யபடர் வகுத்தது ஸைன் அட்டவணை அல்லவா? கால் வட்டத்தை 24 பங்காக்கி, 3,438 என்ற ஆரத்துக்கு அரை நாண்களின் அளவு சொன்னார். ஜ்யா என்றால் வில்லின் நாண். அரபு தேசத்தார் அதை ஜிபா என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் எழுத்தில் உயிர்க்குறி போடாத வழக்கத்தால் பின்னால் வந்தவர்கள் அதை ஜைப் என்று படித்தார்கள்; அதற்குச் சட்டையின் மடிப்பு என்று அர்த்தம். 12ஆம் நூற்றாண்டில் அதை லத்தீனில் பெயர்த்தவர்கள் மடிப்பு என்ற பொருளில் ஸைனஸ் என்று எழுதினார்கள். அப்படி நாண் மடிப்பாகி, மடிப்பு ஸைன் ஆயிற்று. அவர்கள் கண்ணால் செய்ததை நான் காதால் செய்தேன். சாவியைக் காபியாக்கியவனுக்கு உலக சரித்திரத்தில் துணை இருக்கிறது என்று சற்று ஆறுதல் உண்டாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பையன் கருவியைச் சாப்பாட்டு மேஜையில் கொண்டுவந்து வைத்தான். 'டக்' என்ற சத்தமே எழாதபடி ஒலி மெல்லப் பிறந்து மெல்ல மறைவதற்கும் ஓர் ஏற்பாடு செய்திருந்தான். "இது டாக்டர் கருவி இல்ல, சும்மா பாக்கிறதுக்குத்தான்" என்று எச்சரித்துவிட்டு, ஒலிபெருக்கியிலிருந்து ஒரே தூரத்தில் என்னையும் என் மனைவியையும் உட்கார வைத்தான். இரவல் வாங்கி வந்த ஒரு பெட்டியின் திரையில் ஊஞ்சல் கோடு பச்சையாக ஏறி இறங்கியது.

ஆயிரம், இரண்டாயிரம், மூவாயிரம். அப்பழுக்கில்லாத ஒலி. ஐயாயிரத்தை நெருங்கியபோது எனக்கு அது நின்றுவிட்டது. திரையில் கோடு நிற்கவில்லை.

"அணைச்சுட்டியா?" என்றேன்.

பையன் தலையசைத்தான், இல்லை என்று. என் மனைவியைப் பார்த்தேன். அவள் தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறாயிரம், ஏழாயிரம் என்று பையன் எண்ணைக் காட்டிக்கொண்டே போனான். அவள் முகத்தில் அந்த ஒலி இருந்தது. நான் அதை அங்கேதான் பார்த்தேன். ஒன்பதாயிரத்துக்கு மேல் போன பிறகு, "போயிடுத்து" என்றாள்.

பையன் கம்பிகளைச் சுருட்டினான். அவள் எழுந்திருக்கும்போது என்னிடம் ஏதோ சொன்னாள், எனக்குப் பிடிபடவில்லை. எப்போதும்போல ஊகித்து ஒரு பதில் சொல்ல வாயெடுத்தேன். பிறகு, "கேக்கல, இன்னொரு தடவை சொல்லு" என்றேன்.

அவள் திரும்பி வந்து, என் எதிரே உட்கார்ந்து, சொன்னாள்.